சாய்மணலில் தவறிய பதினொரு மீற்றர்: கல்குடாக் கடலில் நிகழ்ந்த ஒரு சுழியோட்டத்தின் ஆய்வு

கடந்த வெசாக் பௌர்ணமிக்கு மூன்று நாள் முந்திய காலையில், கல்குடாவுக்கு வெளியே உள்ள ஒரு முருகைப்பாரின் (பவளப்பாறைத் திட்டின்) அடிவாரத்தில், 18 மீற்றருக்குக் கீழே போவதில்லை என்று பேசி இறங்கிய மூவரில் ஒருவர், தாம் ஆழம் போய்க்கொண்டிருப்பதை அறியாமலேயே 28 மீற்றர் வரை சென்றுவிட்டார். நாங்கள் அவரை எட்டியபோது அவர் மணலில் முழந்தாளிட்டிருந்தார். அவருடைய சிலிண்டரில் 60 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) காற்று மீதமிருந்தது. யாருக்கும் காயமில்லை, யாரும் நோயுறவுமில்லை. அன்று வழிகாட்டியாக நீருக்குள் இருந்தவன் நானே என்பதால், கீழே வரும் குறைகளில் பெரும்பங்கு என்னையே சாரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாசிக்குடாவுக்கும் கல்குடாவுக்கும் வரும் சுழியோடிகளில் பலருக்கு, 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல்தான் கனவு. அது 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்கு வகுக்கப்பட்ட 40 மீற்றர் எல்லையைத் தாண்டிய இடம் என்பதால், அங்கு போகிறவர்கள் காற்றையும் நேரத்தையும் தாளில் எழுதிக் கணக்குப் பார்த்துத்தான் போகிறார்கள். கரைக்கு அருகிலுள்ள முருகைப்பாருக்கும் அதன் அடியில் தொடங்கும் மணற்சரிவுக்கும் போகிறவர்களோ அப்படி எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை. ‘சுகமான இடம்’ என்று நாங்களே அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

இடமும் ஆட்களும்

அந்தப் பாரின் தலை 9 மீற்றரில் இருக்கிறது, அடி 16 மீற்றரில். 1998 இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கைக் கரையோரத்தின் முருகைக்கற்கள் பெருமளவில் வெளுத்து இறந்தன. பாசிக்குடாப் பக்கமும் அதற்குத் தப்பவில்லை. அன்று இறந்த மான்கொம்பு முருகைகளின் முறிந்த கிளைகள் இன்றும் பாரின் அடியில் குவியலாகக் கிடக்கின்றன, அவற்றின் மேல் புதிய முருகை ஆங்காங்கே தட்டுத்தட்டாக வளர்கிறது. இந்தக் குவியல் முடிகிற இடத்தில் வெண்மணல் தொடங்கிக் கிழக்கு நோக்கிச் சரிகிறது. சுவரோ படியோ இல்லை. எங்கே நின்று பார்த்தாலும் நிலம் மட்டமாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

விருந்தினர் இருவரும் மருதமுனையைச் சேர்ந்தவர்கள், மச்சான்மார். மூத்தவர் அறுபது முறைக்கு மேல் இறங்கியவர், கமெராவோடு வந்திருந்தார். இளையவர் முந்திய ஆண்டில் திறந்த நீர்ச் சுழியோடி என்னும் முதல்நிலைப் பயிற்சியை முடித்தவர். அன்றைய இறக்கம் அவருக்குப் பன்னிரண்டாவது. அந்தப் பயிற்சிக்குரிய ஆழ எல்லை 18 மீற்றர். எனக்கும் மூத்தவருக்கும் கையில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்பியூட்டர் இருந்தது. இளையவருக்கு நாங்கள் வாடகைக்குக் கொடுத்த கருவியில் ஆழமானியும் அழுத்தமானியும் மட்டுமே இருந்தன. இரண்டும் இடுப்புப் பக்கமாகத் தொங்கும் ஒரு குழாயின் நுனியில் இருப்பவை, எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மூவரும் கொண்டுபோனது 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர்கள், 200 பாருக்கு நிரப்பப்பட்டவை. (எங்கள் படகில் இந்தச் சொல் எப்போதும் ஒரு வேடிக்கை. நான் ‘எத்தனை பார்?’ என்று விருந்தினரைக் கேட்டால், கடலில் உள்ள கற்பார்களைக் கேட்பதாக நினைத்து ஓட்டி பதில் சொல்வார்.)

கச்சான் காற்று எழும்புவதற்கு முன்னரே திரும்பிவிட வேண்டும் என்று 7.40 க்குக் கரையை விட்டோம். படகில் நான் சொன்ன முன்னறிவிப்பில், இந்தப் பருவத்தில் மணலில் முட்டையிட்டுக் காவல் நிற்கும் பெரிய கிளாத்தி மீனைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதை அன்று சொன்னபடியே எழுதுகிறேன் (ஃபின் என்பது காலில் மாட்டும் துடுப்பு): ‘கிளாத்தி வந்தா மேல போகாதீங்க தம்பி. ஃபின்னை அதுக்கு முன்னால காட்டிக்கொண்டு, பக்கவாட்டா விலகிப் போங்க.’

நீருக்கடியில்

8.12 க்கு இறங்கினோம். கண்ணுக்கெட்டும் தூரம் பன்னிரண்டு மீற்றர் அளவில் இருந்தது, நீரோட்டம் மெதுவாக வடக்கே போனது. பதினெட்டாவது நிமிடத்தில் மூவரும் பாரின் அடிக்கு வந்து மணலின் விளிம்பில் நின்றோம். இளையவர் தம் அழுத்தமானியைத் தூக்கிக் காட்டினார்: 120 பார். திரும்ப வேண்டிய அளவென்று பேசியிருந்த 100 பாருக்கு இன்னும் இடமிருந்தது.

மூத்தவர் மணலில் ஒரு வளையைக் கண்டுவிட்டார். கண் மங்கிய இறால் ஒன்று வளைக்குள்ளிருந்து மணலைத் தள்ளித்தள்ளி வெளியே கொட்ட, வாசலில் உளுவையினச் சிறு மீன் ஒன்று காவல் இருந்தது. இறாலின் மீசை எப்போதும் மீனின் உடலில் தொட்டபடியே இருக்கும். ஆபத்தென்றால் மீன் வாலை அசைக்கும், இறால் உள்ளே ஒதுங்கும். பலமுறை பார்த்த காட்சிதான் என்றாலும் நான் குனிந்துவிட்டேன். அவர் கமெராவைச் சரிசெய்ய, நான் பக்கத்தில் கிடந்து வளையை விரலால் காட்டிக்கொண்டிருந்தேன். இளையவர் எங்களுக்கு வலப்புறமாக ஆறேழு மீற்றரில் இருந்தார்.

அவர் பின்னர் சொன்னதன்படி, மணலில் ஒரு பாகம் (ஆறடி) அகலத்தில் தட்டுப்போலக் குழிந்த இடம் ஒன்றின் மேலாக அவர் மிதந்து போயிருக்கிறார். குழியைச் சுற்றி முருகைத் துண்டுகள் விலக்கி வைக்கப்பட்டிருந்தன. அது கிளாத்தியின் முட்டைக்குழி. முக்கால் மீற்றர் வரை வளரக்கூடிய இந்த மீனின் பற்கள் முருகையையும் கடல்முள்ளியையும் நொறுக்கத் தக்கவை. அதன் முதுகின் முதல் முள் நிமிர்ந்து நின்றால், இரண்டாம் முள் அதைத் துப்பாக்கி விசைபோலப் பூட்டிப் பிடிக்கும். முள் நிமிர்வதுதான் எச்சரிக்கை. இளையவர் அந்த முள்ளைக் கண்டார். கண்ட மறுகணமே மீன் நேராகப் பாய்ந்து வலது ஃபின்னின் ஓரத்தைக் கடித்தது.

அவர் பதறி மேலே போகவில்லை. படகில் கேட்டதை நினைவில் வைத்து மல்லாந்து, இரு ஃபின்களையும் மீனின் பக்கம் நீட்டி, கண்களை அதிலிருந்து எடுக்காமல் உதைத்துக்கொண்டு பின்னோக்கி விலகினார். மீன் பாரின் பக்கமாக நின்றதால், அவருடைய தலை கிழக்கே இருந்தது. பின்னோக்கி என்பது கடலின் ஆழத்தை நோக்கியதாக அமைந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் இருந்த இடத்தில் அவர் இல்லை. மணலின் மேல் முழங்கால் உயரத்துக்கு ஒரு தூசுக்கோடு மட்டும் எழுந்து, கிழக்கே நீண்டு, பன்னிரண்டு மீற்றருக்கு அப்பால் நீல மங்கலில் கரைந்துபோயிருந்தது. ஃபின் உதைத்த மணல் அடங்குவதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும். கூட்டாளியைக் காணாவிட்டால் ஒரு நிமிடம் தேடிவிட்டு மேலே போக வேண்டும் என்பதே விதி. அந்தக் கோடு இல்லாவிட்டால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். மூத்தவரின் தோளைத் தட்டி, இருவரும் அதன்மேலாகப் போனோம். இருபத்துமூன்றாவது நிமிடத்தில், 28.4 மீற்றரில், சுற்றிலும் மணலைத் தவிர எதுவும் தெரியாத இடத்தில் அவரைக் கண்டோம். அவர் அழுத்தமானியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இருந்த ஆழமானியை அவர் பார்க்கவில்லை.

என்னிடம் 130 பார் இருந்தது. அவருடைய 60 பாரை ஒதுக்கமாக வைத்துக்கொள்ளத் தீர்மானித்து, எனது ஒக்டோபஸை (கூட்டாளிக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது சுவாச வாய்க்கருவியை) அவர் வாயில் கொடுத்து, காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏறினோம். 5 மீற்றரில் அவரைத் தம் சிலிண்டருக்கே திருப்பிவிட்டு, செம்மஞ்சள் நிற அடையாள மிதவையை மேலே அனுப்பி, அங்கே எட்டு நிமிடம் நின்றோம். மேலே வந்தபோது அவரிடம் 30 பாரும் என்னிடம் 60 பாரும் மிஞ்சியிருந்தன. படகு ஏறத்தாழ இருநூறு மீற்றருக்கு அப்பால் நின்றது. மிதவையைக் கண்ட ஓட்டி நேராக வந்து சேர்ந்தார்.

ஏன் அவருக்குத் தெரியவில்லை

மறுநாள் 50 மீற்றர் கயிற்றோடு மீண்டும் இறங்கினேன். குழியிலிருந்து கிழக்கே கயிற்றை விரித்துப் பார்த்ததில், தொடக்கத்தில் 17 மீற்றரும் முடிவில் 28 மீற்றரும் இருந்தன. ஏறத்தாழ நாலரை மீற்றர் போனால் ஒரு மீற்றர் தாழ்கிற சரிவு, 12 அல்லது 13 பாகை. தரையில் இவ்வளவு சரிவை முழங்கால் உடனே உணரும். நீருக்குள் மிதக்கிறவனுக்கு அந்த உணர்வு இல்லை; அடிநிலம் எப்போதும் அவனுக்குக் கீழே அதே ஓர் அடி தூரத்திலேயே இருந்துகொண்டிருக்கும்.

வெண்மணல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், ஆழம் போகப்போக இருளும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துவிடுகிறது. காதடைப்பைப் பற்றிக் கேட்டபோது, மூக்கைப் பிடித்து இரண்டொரு தடவை ஊதிக்கொண்டதாக இளையவர் சொன்னார். அது பழக்கத்தில் நடந்தது, ஏன் ஊதினோம் என்று அவர் யோசிக்கவில்லை. இவற்றோடு ஜாக்கெட்டின் காற்றையும் சேர்க்க வேண்டும். 17 மீற்றரில் சுற்றழுத்தம் 2.7 பார், 28 மீற்றரில் 3.8 பார், அதே காற்று கால்பங்குக்கு மேல் சுருங்கிவிடும். சுருங்கச் சுருங்க ஆள் கனத்து, கனத்த ஆள் இன்னும் தாழ்வார். அன்று அவருடைய ஈயப் பட்டியில் தேவைக்கு மேல் இரண்டு கிலோ இருந்ததையும் பின்னர்தான் எடைபோட்டுப் பார்த்தேன்.

இவ்வளவும் சேர்ந்தாலும், முதல் காரணம் என் சொல்தான். கிளாத்தி தன் குழிக்கு மேலே, தலைகீழாகக் கவிழ்த்த கூம்புபோல மேற்போக்கில் விரியும் ஒரு வெளியைத் தனதென்று காக்கிறது என்பதால், மேலே ஏறுகிறவன் அதன் எல்லைக்குள்ளேயே ஏறிக்கொண்டிருப்பான். ஆகவே பக்கவாட்டில் விலகு என்று சொல்லிக்கொடுப்பது சரியான பாடம். ஆனால் அந்தப் பாடம் மட்டமான அடிநிலத்தை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. சரிவில் பக்கவாட்டு என்பதற்குப் பல திசைகள் உண்டு, அவற்றில் ஒன்று ஆழத்துக்கான வழி. படகில் ஏறிய பிறகு இளையவர், குறை சொல்லும் தொனியே இல்லாமல், ‘நீங்க பக்கவாட்டா எண்டுதான் சொன்னீங்க அண்ணன், நான் மேல போகல்லயே’ என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

இன்னொன்று, நான் நின்ற இடம். வழிகாட்டி எப்போதும் சரிவின் ஆழப் பக்கமாக, அனுபவம் குறைந்தவருக்கு அப்பால் நிற்க வேண்டும். அப்போது எவர் நழுவினாலும் அவனைத் தாண்டித்தான் போக முடியும். நான் அனுபவம் மிக்கவரின் பக்கத்தில், அவருடைய கமெராவுக்கு உதவியாகக் கிடந்தேன். கமெராக்காரருக்கு வழிகாட்டி தேவைப்படுவதில்லை. அவருடைய பொறுமை முடியும்வரை மற்றவருக்குத்தான் தேவைப்படுகிறது.

இந்தச் சரிவு எவருக்கும் தெரியாத இரகசியமுமல்ல. கயிற்றோடு திரும்பிய அன்று ஓட்டியிடம் அளவுகளைச் சொன்னேன். இருபது ஆண்டுக்கு மேல் அங்கே தூண்டில் போட்டவர் அவர். ‘தம்பி, அந்தக் கல்லுக்கு வெளிய ஒம்பது பாகத்தில இருந்து பதினஞ்சு பாகத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். நங்கூரம் போட்டாலும் நிக்காது, இழுபட்டுப் போயிரும்,’ என்றார். ஒரு பாகம் ஆறடி என்று கொண்டால் 16 மீற்றர், 27 மீற்றர். கயிறும் கம்பியூட்டரும் கொண்டு நான் ஒரு காலை முழுவதும் அளந்ததை அவர் நங்கூரத்தால் எப்போதோ அளந்து வைத்திருக்கிறார். அவரிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் நிலையத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

காற்றின் கணக்கு

50 பார் மிஞ்சும்போது ஏறத் தொடங்கு என்பதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். அன்றைய நிலையில் அது போதுமா என்று பார்க்கலாம். ஒருவரின் காற்று தீர்ந்து, இருவர் ஒரே சிலிண்டரில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், பதற்றத்தில் ஒவ்வொருவரும் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 30 லீற்றர் சுவாசிப்பார்கள் என்பது மிகையான எடுகோள் அல்ல. இருவருக்கும் 60 லீற்றர். 28 மீற்றரில் நிலைமையைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போனால் அங்கே 3.8 மடங்காக 228 லீற்றர். 5 மீற்றர் வரை ஏற இரண்டரை நிமிடம்; சராசரி அழுத்தம் 2.65 பார் என்பதால் ஏறத்தாழ 400 லீற்றர். பாதுகாப்பு நிறுத்தமாக அங்கே மூன்று நிமிடம் நிற்க 270, மேற்பரப்புக்கு வர 75. கூட்டினால் 970 லீற்றருக்கு மேல். சிலிண்டரின் கொள்ளளவான 11.1 லீற்றரால் வகுத்தால் 88 பார்.

அதாவது, 28 மீற்றரில் ஒரு சுழியோடி 50 பாரோடு ஏறத் தொடங்கினால் அது அவருக்கு மட்டும் போதும். கூட்டாளிக்குக் கொடுக்க நேர்ந்தால் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு முன்னரே இருவருக்கும் காற்று தீரும். பேசிவைத்த 18 மீற்றருக்கே இதே கணக்கு 63 பார் என்று வருகிறது. இளையவரிடம் 60 பாரும் என்னிடம் 130 பாரும் இருந்ததால் அன்று கணக்கு நேரானது. அதை நான் திட்டமிட்டேன் என்று சொல்ல முடியாது. மெதுவாகச் சுவாசிக்கிறவன் என்பதால் தற்செயலாக மிஞ்சியது.

நேரத்தின் கணக்கு

ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன் மெதுவாக வெளியேற இடம்கொடுப்பதற்குத்தான் ஏறும்வழியில் நிற்கிறோம். எட்டு நிமிட நிறுத்தம் ஏன் என்று மூத்தவர் கேட்டார். அவருடைய கம்பியூட்டர் அப்படிக் கேட்கவில்லை. கம்பியூட்டர் ஒவ்வொரு ஆழத்திலும் கழிந்த நேரத்தைத் தனித்தனியாக எண்ணுகிறது. பதினெட்டு நிமிடம் ஆழம் குறைந்த பாரில்தானே கழிந்தது. கம்பியூட்டர் இல்லாத இளையவருக்கோ எண்ணுவதற்கு அட்டவணை மட்டுமே உண்டு. பரவலாகப் பயன்படும் பொழுதுபோக்கு அட்டவணையில் கட்டாய நிறுத்தமில்லாமல் ஏறுவதற்கு 18 மீற்றருக்கு 56 நிமிடம் என்றிருக்கும் எல்லை, 30 மீற்றருக்கு 20 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. போன மிக அதிக ஆழத்தையே முழு நேரத்துக்கும் கொள்வது அதன் முறை. நாங்கள் ஏறத் தொடங்கியது இருபத்துநான்காவது நிமிடத்தில். எல்லையை ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் தாண்டியவருக்கு 5 மீற்றரில் எட்டு நிமிடமும், அதன்பின் ஆறு மணித்தியாலம் இறங்காமையும் அந்த அட்டவணையே சொல்லும் பரிகாரம். உடல் எந்தக் கணக்கைப் பின்பற்றும் என்று தெரியாதபோது கடுமையான கணக்கைப் பின்பற்றுவதே முறை.

கரையில் நாங்கள் ஒட்சிசனை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, மூட்டுநோ, விறைப்பு, தலைச்சுற்று எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அறிகுறி வந்தால் முகமூடி வழியே தூய ஒட்சிசன் கொடுத்தபடி 1990 என்னும் அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, மட்டக்களப்பு வைத்தியசாலை வழியாகத் திருகோணமலையிலுள்ள கடற்படையின் அழுத்த அறைக்குக் கொண்டுபோவது ஏற்பாடு. அது தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது வேறொரு வாக்குவாதம். வெசாக் விடுமுறைக்குக் குடும்பத்தோடு அன்று பின்னேரமே நுவரெலியா போவதற்கு வான் பிடித்திருந்தார்கள். சுழியோடிய கையோடு விமானத்தில் ஏறக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். மலையேறுவதும் அதே வகை என்பதுதான் மறந்துபோகிறது. 600 மீற்றருக்கு மேலான உயரம் எதையும் விமானப் பயணத்தைப் போலவே கொள்ள வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. வானில் மூன்று பிள்ளைகளும் ஒரு பெரியம்மாவும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் வான் போனது, மச்சான்மார் இருவரும் ஒரு நாள் தங்கிப் பஸ்ஸில் போனார்கள். பயணத் திட்டத்தை இறங்குவதற்கு முதல் நாளே கேட்டிருந்தால் இந்தச் சங்கடம் இருந்திருக்காது. எங்கள் பதிவுத் தாளில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

பிறகு

இப்போது கம்பியூட்டர் இல்லாமல் எவருக்கும் கருவி வாடகைக்குக் கொடுப்பதில்லை. அந்தப் பாருக்கு 110 பாரில் திரும்புகிறோம், 90 பாரில் ஏறத் தொடங்குகிறோம். முன்னறிவிப்பைப் படகில் வாயால் மட்டும் சொல்லாமல், கரை மணலில் குச்சியால் சரிவைக் கீறி, கிளாத்தி வந்தால் ‘பார் தோளோடு இருக்கட்டும்’ என்று சொல்கிறோம்: ஆழம் மாறாமல், பாரை ஒரு தோளின் பக்கம் வைத்துக்கொண்டு, வடக்கே அல்லது தெற்கே. ஃபின்னை மீனின் பக்கம் நீட்டுவது பழையபடிதான்.

கடி விழுந்த அந்த ஃபின் நிலையத்தின் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதன் ஓரத்தில் பிள்ளை கடித்த பிஸ்கட்டைப் போல அரைவட்டமாக ஒரு துண்டு இல்லை.

பொசன் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தி, வேறு மூவரோடு அதே இடத்துக்குப் போனேன். முந்திய குழிக்குச் சில மீற்றர் தெற்கே புதிய குழி ஒன்று இருந்தது, மேலே கிளாத்தி நின்றது. பாரை இடது தோளில் வைத்து 16 மீற்றரிலேயே வடக்கே திரும்பினோம். மீன் முள்ளை நிமிர்த்தி எங்கள் பக்கம் பாதித் தூரம் வந்தது. பிறகு முள்ளை மடித்துக்கொண்டு குழிக்குத் திரும்பிப்போனது.